நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே

கெஃப் நகரத்தில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. இப்படியொரு தடை எங்கும் எழுதப்படவில்லை. எழுதினால் பெயரையும் சேர்த்து எழுத நேரும் என்பது காரணமாக இருக்கலாம். பேச்சு தவறிப்போய் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் 'அது' என்பார்கள், கண்களைத் தாழ்த்திக்கொள்வார்கள், "நம்மள விட்டுத் தூரப் போகட்டும்" என்று முடித்துவிடுவார்கள். செத்துப்போனவர்களுக்கு மட்டும் 'அது' வந்திருந்ததாக ஒப்புக்கொள்ளப்படும், அதுவும் நாற்பதாம் நாள் கழிந்த பிறகு. பிழைத்தவர்களுக்கு வந்ததெல்லாம் வேறு: பித்தப்பைக் கல், தைராய்டு, முதுகு. இந்த ஏற்பாட்டின் விளைவாக, 'அது' வந்து உயிரோடு மீண்டவர் என்று அந்த மலையூரின் வரலாற்றில் ஒருவர்கூட இல்லை.

வசீலாவுக்கு வந்தது முதுகு.

அந்த முதுகை உருவாக்கியவர் அவளுடைய கணவர் ஹம்மாதி. நிலப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருபத்தேழு ஆண்டுகள் கழித்தவர். எல்லை குறிக்கப்படாத எதையும் அவர் மனம் ஏற்காது. ஆகவே மனைவியின் முதுகுவலிக்கும் ஒரு முகவரி கொடுத்தார். இடுப்புப் பகுதியில், நான்காவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே தட்டு விலகிவிட்டது என்றார். நலம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காகிதத்தில் படம் போட்டே காட்டினார். சாட்சியம் முழுமையாக இருக்கட்டும் என்று மெத்தைக்கு அடியில் ஒரு பெரிய மரப்பலகையைச் செருகினார். வைத்தியம் முடிந்து அவள் வீடு திரும்பியதிலிருந்து, ஒன்றரை ஆண்டுகளாக, இருவரும் அதன் மேல்தான் படுக்கிறார்கள். வசீலாவுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஹம்மாதிக்குத்தான் இப்போது நான்காவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உண்மையாகவே வலிக்கிறது. அதை வெளியில் சொல்லவும் வழியில்லை.

தொடக்கம் ஒரு கொண்டைக்கடலை. ஊறவைக்காத, கெட்டியான கடலை. குளிக்கும்போது இடது மார்பின் வெளிப்புறத்தில் வசீலாவின் விரலில் அது தட்டுப்பட்டது. அழுத்தினாள், வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றுக்காக மருத்துவரிடம் போவது, பசிக்காமல் சாப்பிட உட்காருவதைப் போன்ற ஒழுங்கின்மை என்று அவளுக்குத் தோன்றியது. நோன்பு முடியட்டும் என்று இருந்தாள், பிறகு பெருநாள், பிறகு மகள் ரீமின் பரீட்சை. நான்கு மாதங்களில் கடலை அவரை விதையாயிற்று. தலைநகரத்தில் படம் எடுத்தார்கள், ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். முடிவைச் சொன்ன இளம் மருத்துவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். பெயரைச் சொல்லாமல், சில அணுக்கள் கட்டுப்பாட்டை மீறி நடப்பதாக, பெற்றோரை வரவழைத்த தலைமையாசிரியையின் தொனியில் தெரிவித்தார். பெயர் காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தை ஹம்மாதி எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இன்றுவரை அது அங்கிருந்து எங்கே போயிற்று என்று வசீலாவுக்குத் தெரியாது.

ஒன்பது மாதம் தலைநகரில் தம்பி வீட்டில் தங்கினாள். முதலில் அறுவை, இடது மார்பு போயிற்று, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளும் கூடவே போயின. பிறகு ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது முறைக்குள் தலைமுடி கைப்பிடி கைப்பிடியாகக் கழன்று வந்தது. முக்காடு இருந்ததால் ஊருக்குத் தெரியவில்லை. புருவங்களைப் பென்சிலால் வரைந்துகொண்டாள். பார்க்க வந்த மாமியார் லல்லா பெயா, "கொஞ்சம் கீழ இறக்கி வரைடி. எதையோ பாத்து மெரண்ட மாதிரி இருக்க" என்றாள். அதன் பின் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு.

அங்கேதான், காத்திருப்போர் வரிசையில், கெஃப் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி மொன்ஜியாவைக் கண்டாள். மொன்ஜியாவுக்கு ஊர்க்கணக்கில் பித்தப்பைக் கல். இருவரும் ஒரே நீலநிற மருத்துவமனை அங்கியில், எதிரெதிர் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். மொன்ஜியாதான் முதலில் கேட்டாள்: "முதுகு எப்படி இருக்கு, அக்கா?"

"தேவலை. கல்லு?"

"கரையுது."

இன்றும் ரொட்டி வாங்கப் போகும்போது வசீலா கல்லை விசாரிப்பாள், மொன்ஜியா முதுகை விசாரிப்பாள்.

இப்போது முடி வளர்ந்துவிட்டது, முன்பு இல்லாத சுருட்டையோடு. தினம் ஒரு மாத்திரை, ஐந்து ஆண்டுகளுக்கு. அதன் உபயத்தில் நினைத்தாற்போல் உடம்புக்குள் அடுப்பு மூண்டு அணையும். இடது கை வீங்கிவிடாதிருக்க, விரல்களைச் சிலந்தியைப் போலச் சுவரில் ஏற்றி இறக்கும் பயிற்சி. அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. மார்பு இருந்த இடத்துக்கு அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். மிருதுவான பருத்தித் துணியில் பை தைத்து, ரவையை உருட்டிக் காயவைத்துச் செய்யும் கூஸ்கூஸில் வீட்டிலேயே ஆக மெல்லிய மணிகளை அதில் நிரப்பினாள். பஞ்சு வைத்துப் பார்த்தாள், அது மேலே ஏறிக்கொண்டு தோளோடு பேசப் போயிற்று. கூஸ்கூஸுக்கு எடை இருந்தது, அடக்கமும் இருந்தது. வண்டு விழாமலிருக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணிகளை மாற்றினால் போதும்.

ஆகஸ்டு முதல் வாரத்தில், ஆண்டு முழுமைக்குமான கூஸ்கூஸை உருட்டுவதற்காக லல்லா பெயாவின் முற்றத்தில் பெண்கள் கூடினார்கள். இம்முறை அளவு இரட்டிப்பு. செப்டம்பர் கடைசியில் ரீமுக்குக் கல்யாணம். நான்கு வருடம் காத்திருந்து அவளே தேர்ந்துகொண்ட பையன். அவனுடைய தாய் நஃபீஸா தன் இரண்டு தங்கைகளோடு வந்து, சம்பந்தி வீட்டுக் கூஸ்கூஸில் தன் கையும் படவேண்டும் என்று பெரிய மரத்தாம்பாளத்தின் முன் அமர்ந்துவிட்டாள். மொன்ஜியாவும் வந்திருந்தாள். மணப்பெண் மொட்டைமாடியில் வெள்ளை விரிப்புகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

ரவையில் உப்புநீர் தெளித்து, உள்ளங்கையால் வட்டமாக உருட்டி, சல்லடையில் இறக்கி, மறுபடி உருட்டுவது வேலை. வேலையைவிடக் கடினம் லல்லா பெயாவின் சட்டம்: உருளும் ரவையின் மேல் நோயையோ சாவையோ பேசக் கூடாது, பேசினால் அந்த ஆண்டு கூஸ்கூஸ் பூசணம் பிடிக்கும். ஊருக்கு இருந்த தடை தாம்பாளத்தின் முன்னால் இன்னும் ஒரு சுற்று இறுகியது.

பத்து மணிக்குத் தலெந்தா வந்து சேர்ந்தாள். ஹம்மாதியின் தங்கை, நாற்பத்து மூன்று வயது, தபர்காவில் வாழ்க்கைப்பட்டவள், கோடையில் மட்டும் பிறந்த வீட்டுக்கு வருபவள். வந்த வேகத்தில் உப்புநீர்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், கல்யாணத்துக்காக வீடு கழுவியபோது வெளியே எடுத்துச் சாத்தி வைத்திருந்த ஹம்மாதியின் பலகையில் கால் தடுக்கி, முழுக் கிண்ணத்தையும் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டாள்.

"கண்ண தபர்காவுலயே விட்டுட்டு வந்தியா?" என்றாள் லல்லா பெயா.

"பலகைய நடைபாதையில வெச்சது யாரும்மா? அண்ணியோட முதுகு என்னையும் விடாது போல."

வசீலா அவளை உள்ளறைக்கு அழைத்துப்போய் மாற்று உடுப்பு எடுத்துக் கொடுத்தாள். இருபது ஆண்டுகளாக, பெண்கள் கூடிக் குளிக்கும் ஹம்மாமில் ஒன்றாகக் குளித்தவர்கள். ஒருத்தி முன் ஒருத்தி உடை மாற்றுவதில் கூச்சமில்லை. ஆனால் தலெந்தா திரும்பி நின்று மாற்றினாள். அந்தத் திரும்பல்தான் வசீலாவை எட்டிப்பார்க்க வைத்தது. வலது மார்பின் கீழ்ப்பக்கம் ஒரு திட்டு, நாரத்தைத் தோலைப் போலக் குழிகுழியாக இருந்தது. காம்பு உள்ளிருந்து யாரோ நூல் கட்டி இழுப்பதைப் போல உள்வாங்கி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"எது?"

"காம்பு உள்ள போயிருக்கே, அது."

"வயசாகுதில்ல, அண்ணி. எனக்கு எல்லாமே உள்ளதான் போகுது. கண்ணு, கன்னம், என் வீட்டுக்காரர் லுத்ஃபிக்கு நான் சொல்ற பேச்சு. இது மட்டும் வெளிய நிக்குமா?"

"கைய எடு. வலிக்குதா?"

"வலிச்சா டாக்டர்கிட்ட போயிருக்க மாட்டேனா? ரெண்டு மாசமா இருக்கு. வலிக்கல. அதனால ஒண்ணுமில்ல."

"வலிக்கலைங்கிறதுதான் அதோட தந்திரம். எனக்கும் நாலு மாசம் வலிக்கல."

"உனக்கு மொத நாள்லருந்தே எந்திரிக்க முடியாத வலின்னு அண்ணன் படமெல்லாம் போட்டுக் காட்டினாரே."

வசீலா கதவைத் தாழிட்டாள். பொத்தான்களைக் கழற்றினாள். பையை வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தாள். நெஞ்சின் நடுவிலிருந்து அக்குள்வரை, மூடிய கண்ணிமையைப் போலச் சாய்ந்து ஓடிய தழும்பைக் காட்டி, "இதுதான் என் முதுகு" என்றாள்.

தலெந்தா பார்த்தாள். அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கடைசியில் அவள் கை போனது தழும்புக்கு அல்ல, கட்டிலில் கிடந்த பைக்கு. அதை அழுத்திப் பார்த்தாள்.

"கூஸ்கூஸா?"

"மெல்லிசு. உங்கம்மா பெருநாளுக்குன்னு தனியா எடுத்து வெச்சது."

"எலி தின்னுருச்சுன்னு ஒரு மாசம் பொலம்பினாங்களே."

"அந்த எலி நான்தான்."

இருவரும் சிரித்தார்கள். முற்றத்துக்குக் கேட்காதபடி முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தார்கள். தலெந்தாவின் சிரிப்பு முடியும் இடத்தில் நடுங்கியது; அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கும் 'அது'தானா?"

"நானும் நீயும் சொல்ல முடியாது. படமும் ஊசியும்தான் சொல்லும். இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும், எவ்வளவு சீக்கிரம் போறமோ அவ்வளவு நல்லது. சில பேருக்கு மொத்தமா எடுக்காம கட்டிய மட்டும் எடுக்கறாங்க, நான் பாத்தேன். திங்கக்கிழமை போவோம். நான் கூட வரேன், எந்த வாசல்ல நொழையணும், எந்த நர்ஸு ஊசிய மெதுவா குத்துவான்னு எனக்குத் தெரியும்."

"கல்யாணம் முடியட்டும்."

"கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கு."

"அப்ப ஏழு வாரம் கழிச்சு எனக்கும் ஒரு முதுகுவலி ஏற்பாடு பண்ணிக்குடு. அண்ணன்கிட்ட சொல்லி வேற ரெண்டு எலும்பு ஒதுக்கச் சொல்லு. நாலும் அஞ்சும் உன்னோடது."

"வெளையாடாத, தலெந்தா."

"யாரு வெளையாடறது?" அவள் குரல் தாழ்ந்தது, தாழ்ந்த குரலில்தான் அவளுக்குக் கோபம் வரும். "ஒரு வருஷம் முழுக்க உனக்கு ஆட்டுக்கொழுப்புத் தைலம் காய்ச்சி அனுப்பினேன். நல்லா கேக்குதுன்னு பதில் சொன்ன."

"ஹம்மாதி தடவிக்கறார். அவருக்கு நல்லாத்தான் கேக்குதாம்."

"பொழச்சு வந்தவ நீ. நீயே இத ஒளிச்சு வெச்சிருக்க. அப்ப ஒளிக்க வேண்டிய சமாச்சாரம்தானே இது? நான் மட்டும் மாமியார் வீட்டுல சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணுமாக்கும். போனவங்க எல்லாம் செத்துட்டாங்கன்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன், அண்ணி. ரெண்டு மாசமா தூங்கல. நீ இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேன்."

வசீலா பொத்தான்களைப் போட்டாள், ஒரு பொத்தான் துளை மாறி விழுந்தது, அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"ஒண்ணு பண்ணு," என்றாள் தலெந்தா எழுந்து. "வெளிய போய், அவங்க முன்னாடி சொல்லு. நஃபீஸா முன்னாடி. நீ சொன்னா திங்கக்கிழமை மொத வண்டியில நான் ஏறி உக்காந்திருப்பேன். இல்லன்னா கல்யாணம், அப்புறம் ஆலிவ் அறுவடை, அப்புறம் நோன்பு. பாத்துக்கலாம்."

அவள் சவால் விடவில்லை. நடக்காது என்று தெரிந்த ஒன்றைக் கேட்பவளின் களைப்பு மட்டுமே அந்தக் குரலில் இருந்தது. வசீலாவுக்கு உறைத்ததும் அந்தக் களைப்புதான்.

திரும்பி வந்து அமர்ந்தார்கள். ஏழு பெண்கள், ஒரு தாம்பாளம். ரவை உள்ளங்கைகளுக்கு அடியில் உருண்டது. நஃபீஸா தன் வீட்டுப் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தாள். நல்லவள்தான், ஆனால் தன் குடும்பத்தின் பேச்சு வந்தால் குரலில் நெய் ஏறும்.

"நாங்க பொண்ணு எடுக்கறப்ப வேற எதையும் பாக்கறதில்ல, சம்பந்தி. ரத்தம் சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். எங்க பெரியம்மா மகனுக்கு ஒரு எடம் வந்துச்சு. அழகுன்னா அழகு. விசாரிச்சா, பொண்ணோட அம்மா 'அது'ல போயிருக்கா. அன்னைக்கே விட்டுட்டோம்."

"ரவை மேல வேண்டாம்," என்றாள் லல்லா பெயா.

"பேரா சொன்னேன், லல்லா? 'அது'ன்னுதானே சொன்னேன். வசந்தத்துல நம்ம ஷெரீஃபா போகலையா? பாவம். போறவங்கள நாம என்ன செய்ய முடியும். 'அது' புடிச்சா புடிச்சதுதான். திரும்பி வந்தவ ஒருத்தி பேரச் சொல்லுங்க பாப்போம்."

நம்மை விட்டுத் தூரப் போகட்டும் என்று தங்கைகள் இருவரும் ஒரே மூச்சில் முணுமுணுத்தார்கள். மொன்ஜியா தன் சல்லடையில் அபூர்வமான எதையோ கண்டவளைப் போல அதற்குள் குனிந்தாள்.

"ஆமா," என்றாள் தலெந்தா, கையை நிறுத்தாமல், யாரையும் பார்க்காமல். "ஒருத்தி பேரச் சொல்லுங்க."

வசீலாவின் உடம்புக்குள் அடுப்பு மூண்டது. மாத்திரையின் வேலையா வேறெதுவுமா என்று பிரித்தறிய அவளுக்கு அவகாசமில்லை. மேலே மாடியில் ரீம் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி விரிப்பின் மூலைகளுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடம் காத்திருந்த பெண். ஏழு வாரம். வசீலா மனதுக்குள் ஏழு வாரத்தையும் தன்னுடைய நான்கு மாதத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். கொண்டைக்கடலை அவரை விதையான வேகம் அவளுக்குத் தெரியும். கல்யாணம் நின்றால் மகள் அழுவாள், தாயோடு பேசமாட்டாள், ஒருவேளை நெடுநாள் பேசமாட்டாள். தலெந்தாவுக்கு நெடுநாள் என்பது இருக்குமா என்று யாருக்குத் தெரியும்.

கையில் ஒட்டிய ரவையைத் தட்டினாள். சட்டையின் கழுத்துக்குள் கையை விட்டாள். எதிரிலிருந்த மூன்று விருந்தாளிகளும், அவள் சங்கிலி சிக்கிக்கொண்டது என்று எண்ணிக் கண்ணியமாக வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது, தாம்பாளத்தின் நடுவில், ஈர ரவையின் மேல், வெளிர்நிறப் பருத்திப் பை ஒன்று கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

"என்னடி இது?" என்றாள் லல்லா பெயா.

"போன வருஷத்து மெல்லிசு, அத்தை. எலி தின்னுச்சுன்னீங்களே."

நஃபீஸா சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு பாதி வழியில் வசீலாவின் சட்டைக்கு வந்து, அதன் இடதுபுறம் தட்டையாக விழுந்திருப்பதைப் பார்த்து நின்றது. லல்லா பெயாவுக்கு எழுபத்தொரு வயது; ஆபத்து வேளையில் அவள் மூளை முயலைப் போல ஓடும்.

"ஒத்தடப் பை," என்றாள் உடனே. "அவளுக்கு முதுகுக்கு. சூடு பண்ணி வெச்சா கேக்கும். நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவுல—"

"முதுகு உங்க புள்ளைக்குத்தான், அத்தை. எனக்கு முதுகு வந்ததே இல்ல." வசீலாவின் குரல் அவள் எதிர்பார்த்ததைவிடச் சாதாரணமாக இருந்தது, சல்லடையை எடுத்துக் கொடு என்று கேட்கும் குரல். "சம்பந்தி, நீங்க ஒருத்தி பேரு கேட்டீங்க. வசீலா. மாத்திரை சாப்பிடறேன், ஆறு மாசத்துக்கு ஒருக்கா போய்க் காட்டறேன், காலையிலருந்து உங்க கூட உக்காந்து ரவை உருட்டறேன். எனக்கு வந்தது மார்புப் புற்றுநோய்."

மொன்ஜியாவின் சல்லடை அவள் மடியில் சாய்ந்து, உருண்ட மணிகள் பாவாடையில் கொட்டின, அவள் அள்ளவில்லை. நஃபீஸாவின் வாய் 'தூரப் போகட்டும்' என்பதற்காகத் திறந்தது, எதை எங்கே போகச் சொல்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது. தலெந்தா மட்டும் தலையை நிமிர்த்தி வசீலாவைப் பார்த்தாள். ஒலியில்லாமல் உதட்டை அசைத்தாள்: திங்கள்.

லல்லா பெயா சுதாரித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, பையோடு சேர்த்துத் தாம்பாளம் முழுவதையும் ஒரே வீச்சில் மூடினாள். இனிமேலாவது ரவையின் காதில் ஒன்றும் விழாதிருக்கட்டும் என்று அதன் ஓரங்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்ன? எனக்குச் சரியா கேக்கல," என்றாள், மருமகள் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ள ஒரு வழி திறந்துவிட்டு.

வசீலா குனிந்தாள். மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாக, மரியாதையோடு, துணியிலிருந்து விலக்கினாள். துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, இம்முறை ரவைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"புற்றுநோய், அத்தை. புற்றுநோய்."